பிளாக்கில் ஏறிய கோடு: கே. எம். ஆதிமூலமும் தென்னார்க்காட்டு வாசகரும்

ஜெயகாந்தன் கடலூரில் பிறந்தவர். புதுமைப்பித்தன் பிறந்தது அதே ஊரின் திருப்பாதிரிப்புலியூரில். மௌனி வாழ்நாளின் பெரும் பகுதியைச் சிதம்பரத்தில் கழித்தவர். நவீனத் தமிழ்க் கதையில் தென்னார்க்காட்டின் இவ்விரு ஊர்களுக்கும் இத்தனை உறவு இருக்கிறது. நவீன ஓவியத்தின் கதை வேறு. ஓவியப் பள்ளி சென்னையில். ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் அதன் விளிம்பில். லலித் கலா அகாதெமியின் மண்டல மையம் 1978இல் வந்தபோது அதுவும் சென்னை கிரீம்ஸ் சாலைக்கே போயிற்று. சுமார் 180 கிலோமீட்டர் தள்ளியிருந்த கடலூர்க்காரர் ஒரு நவீன ஓவியத்தைப் பார்த்தார் என்றால், அது பெரும்பாலும் தபாலில் வந்த ஒரு சிற்றிதழின் அட்டையாகத்தான் இருந்திருக்கும். ஆகவே இதழ்களுக்கும் நூல்களுக்கும் வரைந்த ஓவியர் ஆதிமூலத்தைப் பற்றிய ஆய்வைக் கண்காட்சிக் கூடத்தில் தொடங்குவதைவிட அச்சகத்தில் தொடங்குவது பொருத்தம்.

அன்றைய சிற்றிதழ்கள் சில நூறு பிரதிகள் அச்சான சின்னப் பத்திரிகைகள். ஈய எழுத்தைக் கையால் கோத்து அடிக்கும் அச்சகத்தில் படம் வேண்டுமென்றால் துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுக்க வேண்டும். சாயலைப் புள்ளிகளாக்கிக் காட்டும் ஹாஃப்டோன் பிளாக்குக்குச் செலவு கூடுதல். வழவழப்பான தாளும் வேண்டும். மட்டமான தாளில் அடித்தால் புள்ளிகள் அடைத்துக்கொண்டு முகம் கரியாகிவிடும். லைன் பிளாக்குக்கு இந்த வம்பு கிடையாது. கறுப்பு, வெள்ளை, இடையில் எதுவுமில்லை. எழுத்தோடு சேர்த்து எந்தத் தாளிலும் அடித்துவிடலாம். பேனாவும் மையுமாக வரைந்த ஓவியனுக்கு இதனால் கிடைத்த இடம் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவருக்குக் கிடைக்கவில்லை.

திருச்சி மாவட்டம் துறையூருக்கு அருகே கீராம்பூரில் 1938இல் பிறந்தவர் ஆதிமூலம். சென்னைக்கு வந்து, சிற்பி எஸ். தனபாலின் வழிகாட்டலில் அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்து, 1966இல் படிப்பை முடித்தார். அப்போது அங்கே முதல்வர் பணிக்கர். ஐரோப்பாவிடம் கடன் வாங்காத நவீனம் எப்படி இருக்கும் என்பதே பள்ளி முழுக்கச் சுற்றிவந்த கேள்வி. மாணவர்கள் பலருக்கும் கிடைத்த விடை கோடு. பணிக்கர் எழுத்துருக்களையும் கணிதக் குறிகளையும் தேடிப் போனார், மாணவர் கா. ராமானுஜம் கனவு மாளிகைகளுக்குள் புகுந்துகொண்டு 1973இல் தன்னை முடித்துக்கொண்டார். ஆதிமூலம் மனித உருவத்தை விடவில்லை.

காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் அவர் வரைந்த நூறு காந்தி ஓவியங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். நாணயத்திலும் அஞ்சல் தலையிலும் பழகிப்போன முகம். அதில் புதிதாக என்ன செய்ய முடியும்? அவர் முகத்தை வரைவதோடு நிற்கவில்லை. குட்டைக் குட்டையான பேனாக் கீறல்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடுகின்றன. அவை நெருங்கும் இடம் நிழலாகிறது. விலகும் இடத்தில் வெறும் தாளே தோலாகவும் கதராகவும் நிற்கிறது. உடம்பைச் சுற்றி ஒரே மூச்சில் இழுத்த எல்லைக்கோட்டைத் தேடினால் கிடைக்காது. உருவம் கீறல்களிலிருந்து திரண்டு வருகிறது, இன்னும் முடியாதது போல. காந்தி படத்தைக் கும்பிடப் பழகிய நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

அடுத்து வந்த அரசர் வரிசையில் அதே பேனா குரூரமாகிவிட்டது. நகையும் தலைப்பாகையும் கனக்க, உள்ளே உடம்பு உளுத்துப்போன ராஜாக்கள். மன்னர் மானியம் 1971இல் ஒழிக்கப்பட்டது. அந்தக் காலச் சூழலோடு சேர்த்துப் பார்த்தால் கேலி இன்னும் உறைக்கும்.

ஆதிமூலத்தின் கோட்டைச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆசை எவருக்கும் வரும். நடராசர் கோயிலில் சிவகாமசுந்தரி சன்னிதி மண்டபத்தின் விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்கள் இருக்கின்றன. பிட்சாடனரும் மோகினியும், மாணிக்கவாசகர் வரலாறும் பட்டை பட்டையாகப் பிரித்துத் தீட்டப்பட்டவை. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால், சிவந்த பின்புலத்தில் ஒவ்வோர் உருவத்தையும் இடைவெளி விடாமல் சுற்றிவரும் கறுப்புக் கோடு தெரியும். சென்னைப் பள்ளியின் கோடு இங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவது சுலபம். அப்பள்ளியின் ஓவியர் சந்தானராஜ் போன்றோர் விஷயத்தில் அதைப் பேசிப் பார்க்கலாம், ஆதிமூலத்துக்கு ஒட்டாது. விதானத்தின் கோடு உருவத்தை அடைக்கிறது, அவருடையது திறந்துவிடுகிறது. மரபு என்ற சொல்லை எதற்கெடுத்தாலும் நீட்டுவது நம் கலை விமர்சனத்தின் பழைய வியாதி.

அவருடைய உண்மையான சுற்றம் எழுத்தாளர்கள். ஞானக்கூத்தனின் ‘அன்று வேறு கிழமை’ 1973இல் வந்தபோது அதில் ஆதிமூலத்தின் ஓவியங்கள் இருந்தன. அதுவரை பத்திரிகைப் படம் என்றால் கதையில் வரும் காட்சியை அப்படியே காட்டுவது. கதாநாயகி அழகாக இருந்தாக வேண்டும். கோபுலுவைப் போன்ற மேதைகள் அந்த எல்லைக்குள்ளேயே அற்புதங்கள் செய்தார்கள். ஆதிமூலத்தின் படமோ கவிதைக்கு விளக்கம் சொல்லாது. அதே பக்கத்தில் தன் பாட்டுக்கு நிற்கும்.

பெரிய திருப்பம் 1980களில். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது அதற்கு அவர் வரைந்தார். சில நூறு பேர் பார்த்த கோடு திடீரென்று டீக்கடை பெஞ்சுக்கும் முடிதிருத்தகத்துக்கும் வந்துவிட்டது. ஓவியரின் பேர் தெரியாமலே ஒரு தலைமுறை அவருடைய சம்சாரிகளையும் மாடுகளையும் பார்த்துப் பழகியது. நூல் தலைப்புகளுக்கு அவர் வரைந்த தமிழ் எழுத்துகளையும் இதோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

பிற்காலத்தில் அவர் வண்ணத்துக்குப் போனார். உருவமே இல்லாத வெளிகள், கத்தியால் அப்பிய தடித்த வண்ணப் பரப்புகள். சந்தையில் மதிப்பு இவற்றுக்கே. கறுப்பு வெள்ளையை ஒத்திகையாகவும் வண்ணத்தை முதிர்ச்சியாகவும் வைக்கும் வழக்கமான வரிசை எனக்கு ஒப்பவில்லை. அந்த வண்ணங்களை நேரில் நின்று பார்க்க வேண்டும். அச்சில் அவற்றின் தடிப்பு செத்துவிடுகிறது. மையில் வரைந்தவை அச்சுக்குப் போயும் உயிரோடிருந்தன.

ஆதிமூலம் 2008 ஜனவரி 15 அன்று காலமானார். அவருடைய வண்ணத் திரைகளைச் சேகரிப்பவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பத்திரிகைக்காக வரைந்தவற்றின் நிலைமைதான் மோசம். தொடரும் கவிதையும் மறுபதிப்புக் காணும்போது பெரும்பாலும் படங்கள் விடுபட்டுப் போகின்றன. சந்தா கட்டி வாங்கிய பழைய இதழ்களை யாராவது இன்னும் கட்டிப் பரண்மேல் போட்டிருந்தால், முழுமையான ஆதிமூலம் பட்டியலை அங்கிருந்துதான் தயாரிக்க வேண்டும்.