போர்க்காலத்தில் பிறந்த காவல்துறை

போர் நடக்கும் மண்ணில் புதிய காவல் அமைப்பொன்றை உருவாக்கும்போது முதலில் எழும் சிக்கல், ஆட்களை எங்கிருந்து எடுப்பது என்பதே. 1939இல் பிரித்தானிய இந்தியப் படை தன் முதல் இராணுவப் பொலிஸ் பிரிவுக்குக் குதிரைப்படை ரெஜிமெண்டுகளின் வீரர்களை எடுத்தது. 1980களில் இலங்கை அரசு பொலிஸாருக்கே போர்ப்பயிற்சி அளித்து விசேட அதிரடிப் படையை அமைத்தது. 1991 நவம்பர் 19இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய தமிழீழக் காவல்துறையின் வழி வேறு: போராளிகளுக்குப் பதிலாகப் பொதுமக்களிலிருந்து ஆண்களையும் பெண்களையும் சேர்த்து, பயிற்சி கொடுத்து, நீல உடுப்பு அணிவித்துப் பணியில் அமர்த்தியது.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டதும் வடக்கின் பெரும்பகுதியில் அரச பொலிஸ் இல்லாமற்போனது. களவு, காணித் தகராறு, குடும்பச் சண்டை எல்லாம் புலிகள் இயக்கத்தின் பகுதிப் பொறுப்பாளரிடம் போயின. துப்பாக்கி வைத்திருந்தவரே விசாரித்தார், அவரே தீர்ப்பும் சொன்னார். அந்த வேலையைப் போராளியின் கையிலிருந்து பிரித்தது இக்காவல்துறையின் மெய்யான சாதனை. காவல்துறைப் பொறுப்பாளர் பா. நடேசன் முன்னர் இலங்கைப் பொலிஸில் பணியாற்றியவர். முறைப்பாடு, விசாரணை என்ற ஒழுங்கை அறிந்தவர். 1993இல் நீதிமன்றுகளும் அமைந்தபின், பிடிப்பது ஒருவர், தீர்ப்பது இன்னொருவர் என்ற நிலை ஓரளவு வந்தது.

1995இல் யாழ்ப்பாணத்தை இழந்து இயக்கம் வன்னிக்குப் பின்வாங்கியபோது காவல்துறையும் கூடவே வந்தது. 2002இல் ஏ9 வீதி திறந்தபின், அரச கட்டுப்பாட்டிலிருந்த வவுனியா நெளுக்குளத்திலிருந்து ஓமந்தை தாண்டிக் கிளிநொச்சி போனவர் ஒரே நாளில் இரண்டு பொலிஸ்களுக்கு அடங்கி நடக்கவேண்டியிருந்தது. வேகத்துக்குத் தண்டம் விதிப்பதில் வன்னிக் காவல்துறை காட்டிய கண்டிப்பை அப்பயணிகள் நன்கறிவர். களவு குறைந்திருந்ததைப் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதில் நல்ல காவலின் பங்கு எவ்வளவு, இயக்கத்தின் மீதிருந்த அச்சத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கூறுவது கடினம்.

குறைகளிற் பெரியது, அமைப்பை ஆக்கியவரை அமைப்பால் விசாரிக்க முடியாமை. 1990 யூனில் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் புலிகளால் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டே காவல்துறை அமைத்த இயக்கம் அந்தக் கொலைகளுக்கு எவரையும் பொறுப்புக்கூற வைக்கவில்லை. மாற்றுக் கருத்தாளர் மீதான நடவடிக்கை புலனாய்வுத்துறையின் கையில் இருந்தது. அங்கு நீல உடுப்புக்கு அதிகாரம் இல்லை. காவலர் தவறு செய்தால் முறையிட இயக்கத்துக்கு வெளியே ஓர் இடமும் இல்லை. நடைமுறையை எவ்வளவு சீர்செய்தாலும் இந்தக் குறை தீராது. அது அடித்தளத்திலேயே இருந்தது.

காவல்துறை இயக்கத்துக்குக் கட்டுப்பட்டிருந்ததால் அதன் ஆளணியும் நிலைக்கவில்லை. 2007 நவம்பரில் இயக்கத்தின் அரசியற்றுறைப் பொறுப்பாளர் சு. ப. தமிழ்ச்செல்வன் கொல்லப்பட்டதும் நடேசன் அந்தப் பொறுப்புக்கு மாற்றப்பட்டார். போர் நெருங்கியபோது காவலர்களும் களமுனைக்கு அனுப்பப்பட்டனர். இடம்பெயர்ந்து, உடைமைகளை இழந்து, மக்கள் காவலை அதிகம் வேண்டி நின்ற மாதங்களில்தான் அவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

2009 மேயில் போர் முடிந்தபின், இயக்கத்தில் ஒருநாள் இருந்தவரும் பதிவுசெய்ய வேண்டும் என்று படையினர் அறிவித்தனர். போராளி, காவலர் என்ற வேறுபாட்டை அரசு ஏற்கவில்லை. வீதிப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தியவரும் துவக்கேந்தியவரும் ஒரே புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர்.