கணுப் பங்கு வகுப்பும் பாடத் தூய்மையும்: தருமபுரி நடுகல் கல்வெட்டுகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

பரவல் தேடல் கொத்து ஒன்றில் எந்தக் கணு எப்பணியைச் செய்ய வேண்டும் என வகுப்பது பெரும்பாலும் பொறியியல் முடிவாகவே கருதப்பெறுகிறது. தருமபுரிப் பகுதி நடுகல் கல்வெட்டுகளைத் தரவாகக் கொண்டு நோக்கும்போது, அது பாடத்தைக் காக்கவோ சிதைக்கவோ வல்ல பதிப்பு முடிவாகவும் அமைகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நடுகல், சொல்லடைவு, கணு, கொத்து, துண்டு, பாடவேறுபாடு.

முன்னுரை

சொல்லடைவு தொகுப்பவர் ஒவ்வொரு சொல்லையும் எத்தலைச்சொல்லின்கீழ் வைப்பது என முடிவு செய்கிறார். அம்முடிவில் பிழை நேரின் சொல் நூலில் இருந்தும் ஆய்வாளருக்குக் கிட்டாது. இன்று அப்பணியை மென்பொருள்கள் மேற்கொள்கின்றன. 1999இல் டக் கட்டிங் உருவாக்கிய லூசீன் நிரல் தொகுதியும், அதனை அடித்தளமாகக் கொண்டு 2010இல் ஷே பேனன் வெளியிட்ட எலாஸ்டிக்சர்ச்சும், அதிலிருந்து 2021இல் கிளைத்த ஓப்பன்சர்ச்சும் இவ்வகையின. பின்னிரண்டும் ஒரு சொல்லடைவைப் பல துண்டுகளாக்கிப் பல கணினிகளில் பரப்பி வைக்கின்றன. ஒவ்வொரு கணினியிலும் இயங்கும் அலகு கணு எனவும், கணுக்களின் கூட்டு கொத்து எனவும் ஈண்டுக் குறிக்கப்பெறுகின்றன.

இக்கணுக்களைப் பற்றிய பேச்சில் விரைவு ஒன்றே அளவுகோலாக நிற்கிறது. அவ்வளவுகோல் கல்வெட்டுத் தரவுக்குப் போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பங்குகளின் இயல்பு

கணுக்களின் முதன்மைப் பங்குகள் நான்கு. தலைமைத் தகுதிக் கணு, கொத்தின் நிலையைப் பதிந்து, எத்துண்டு எங்கு இருக்க வேண்டும் என முடிவு செய்யும். தரவுக் கணு துண்டுகளைத் தாங்கி, சொல்லடைவு ஆக்கமும் தேடலும் நிகழ்த்தும். உள்ளீட்டுக் கணு, ஆவணம் சொல்லடைவுக்குள் செல்லும் முன் அதனைத் திருத்தியோ கூட்டியோ அனுப்பும். ஒருங்கிணைப்புக் கணு, வினாவைத் துண்டுகளுக்குப் பகிர்ந்து, விடைகளைத் திரட்டி வரிசைப்படுத்தும்.

எலாஸ்டிக்சர்ச்சில் அமைப்புக் கோப்பில் பங்குகள் எழுதப்பெறாவிடின் ஒரு கணு எல்லாப் பங்குகளையும் ஏற்கும். பட்டியல் எழுதப்பெற்றால் அதில் உள்ளவை மட்டுமே ஏற்கப்பெறும். வெற்றுப் பட்டியல் இடின் அக்கணு ஒருங்கிணைப்பு மட்டுமே செய்யும். பட்டியலில் உள்ளீட்டுப் பங்கினை எல்லாக் கணுக்களிலும் மறந்துவிட்டால், முன்செயல் வேண்டும் ஆவணங்கள் உள்ளே செல்லா. துண்டுகளைத் தாங்கிய கணுவிலிருந்து தரவுப் பங்கினை நீக்கின், அத்துண்டுகளை அகற்றும்வரை அக்கணு தொடங்க மறுக்கும். எனவே பங்கு வகுப்பு தரவு சேர்க்கும் முன்னரே சிந்திக்கத்தக்கதாகும்.

பாடம் எங்கே மாறுகிறது?

ஒரு சொல்லின் வடிவம் இரண்டு இடங்களில் மாற்றப்பெறலாம். உள்ளீட்டுக் கணுவில் மாற்றினால், சேமிக்கப்பெறும் ஆவணமே மாறிவிடும். தரவுக் கணுவில் நிகழும் சொற்பகுப்பில் மாற்றினால், ஆவணம் வந்தவாறே இருக்க, சொல்லடைவு மட்டும் இயல்புப்படுத்தப்பெறும். விரைவு நோக்கில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. பதிப்பியல் நோக்கில் முன்னது மூலத்தைத் திருத்துவது. பின்னது மூலத்துக்கு அடைவு தொகுப்பது.

நடுகற்களில் மிகுதியும் வரும் சொல் ‘தொறு’ என்பது. ஆநிரையைக் குறிக்கும் இச்சொல்லின் முதலெழுத்தை ஒருங்குறியில் இருவகையாகக் குறியேற்றலாம். ஒகர உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாக இடுவது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே இடுவது மற்றொன்று. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவை கணினிக்கு வெவ்வேறு சொற்கள். இவ்விரண்டும் சமமானவை என ஒருங்குறித் தரமே வரையறுத்துள்ளது. ஆகவே இவ்வேறுபாட்டை உள்ளீட்டுக் கணுவிலேயே களைவதில் பாட இழப்பு ஏதுமில்லை. பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவதும் இவ்விடத்துப் பணியே; ஆயினும் மூலக்கோப்பு தனியே காக்கப்பெறல் வேண்டும்.

தகடூர் அதியமானைப் பாடிய ஔவையாரின் பெயர் வேறு வகையினது. ஔகாரத்துக்கு மாற்றாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்யும் வழக்கம் பரவலாக உள்ளது. ‘அவ்வை’ என்னும் வடிவமும் வழங்குகிறது. இவற்றை ஒருங்குறி சமமாகக் கொள்வதில்லை. இத்தகைய வேறுபாடுகளைத் தரவுக் கணுவின் சொற்பகுப்பில் இணைப்பதே தக்கது. ‘தருமபுரி’, ‘தர்மபுரி’ என்பனவும் அவ்வாறே. ‘நடுகற்கள்’ என்பதில் பன்மை ஈற்றை மட்டும் வெட்டினால் ‘நடுகற்’ என நிற்குமேயன்றி ‘நடுகல்’ ஆகாது. புணர்ச்சி விதி அறிந்த பகுப்பும் அவ்விடத்திலேயே வேண்டும்.

மூன்றாம் வகை மிகவும் நுட்பமானது. வட்டெழுத்துக் கல்வெட்டுகள் பலவற்றில் புள்ளி இடப்பெறுவதில்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் தெளிவாகக் காட்டப்பெறுவதில்லை. அச்சில் நாம் காணும் புள்ளியும் நெடிலும் பெரும்பாலும் பதிப்பாசிரியரின் வாசிப்பு. ‘சிங்கவிண்ணபருமன்’ எனக் கல்லில் உள்ளதைச் ‘சிம்மவிஷ்ணு’ என உள்ளீட்டுக் கணுவில் மாற்றிவிட்டால், வடசொல் தமிழ்வடிவம் பெற்ற சான்று தரவிலிருந்தே மறையும். மொழி வரலாற்று ஆய்வாளர் தேடுவது அச்சான்றையே. எனவே கல்லின் பாடம், பதிப்பாசிரியர் பாடம், இயல்புப்படுத்திய வடிவம் ஆகியன தனித்தனிப் புலங்களாக நிற்றல் வேண்டும். உள்ளீட்டுக் கணுவுக்குப் புலத்தைக் கூட்டும் உரிமை உண்டு. பாடத்தை மேலெழுதும் உரிமை இல்லை.

இவ்விதி இடப்பெயருக்கும் பொருந்தும். சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2004 பிப்ரவரி 9இல் கிருட்டிணகிரி மாவட்டம் பிரிந்தது. இடைப்பட்ட காலத்து வெளியீடுகளில் அரூரும் ஊத்தங்கரையும் ஒரே மாவட்டத்தவை. இன்று ஊத்தங்கரை கிருட்டிணகிரியைச் சார்ந்தது. மாவட்டப் பெயரை இன்றைய நிலைக்கு மாற்றி எழுதினால் பழைய மேற்கோள்கள் பொருந்தா. மாற்றாதிருந்தால் இன்றைய தேடல் முழுமை பெறாது. வெளியீட்டுக்கால மாவட்டம், இன்றைய மாவட்டம் என இரு புலங்களை அமைப்பதே தீர்வு.

சிறு தரவும் பெரும் பகுப்பும்

பெருநிறுவனங்களின் வழிகாட்டிகளைப் பின்பற்றி, சிறு தரவுக்கும் பல துண்டுகளையும் தனித்தனிப் பங்குகளையும் வகுக்கும் போக்கு வினவத்தக்கது. நடுகல் கல்வெட்டுகள் சில வரிகளில் முடிபவை. ஒரு வட்டாரத்தின் கற்கள் அனைத்தும் ஒரு கணினிக்கே சிறு சுமை. பகுப்பதால் விரைவு கூடாததோடு வரிசைமுறையும் கெடலாம். ஒரு சொல்லின் அருமைப்பாட்டை ஒவ்வொரு துண்டும் தன்னிடமுள்ள ஆவணங்களைக் கொண்டே இயல்பாகக் கணிக்கிறது. ஐந்து கற்களில் மட்டும் வரும் ஒரு பெயர், ஒரு துண்டில் நான்காகவும் மற்றொரு துண்டில் ஒன்றாகவும் அமைந்தால், தனித்து நின்ற கல் தகுதியின்றி முதலிடம் பெறலாம். எல்லாத் துண்டுகளின் எண்ணிக்கையையும் முன்கூட்டியே திரட்டிக் கணிக்கும் தேடல்முறை உண்டெனினும், ஒரே துண்டாக வைப்பது எளிது. எலாஸ்டிக்சர்ச்சின் 7ஆம் பதிப்பு இயல்புநிலைத் துண்டுகளை ஐந்திலிருந்து ஒன்றாகக் குறைத்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

பல்லாயிரம் நூல்களின் பக்கப் படிமங்களிலிருந்து எழுத்துணரி வழிப் பெற்ற பாடங்களைத் தாங்கும் நூலகத் திட்டத்துக்கு நிலைமை வேறு. ஆங்கு உள்ளீட்டுச் சுமை தேடலை நெருக்கும். தலைமைக் கணு தரவுச் சுமையால் திணறினால் கொத்து முழுவதும் தடுமாறும். பங்குப் பிரிப்பு அவ்விடத்தில் இன்றியமையாதது. கல்லூரித் துறை ஒன்றின் கல்வெட்டுத் தொகுப்புக்கோ, எல்லாப் பங்குகளும் ஏற்ற மூன்று கணுக்களும் ஒரு துண்டும் அதன் படிகளும் போதும்.

தலைமையும் இணைப்பும்

மூன்று என்பதற்குக் காரணம் உண்டு. தலைமைக் கணு பெரும்பான்மை வாக்கால் தேர்வு பெறுகிறது. இரண்டே கணுக்கள் வாக்களிக்குமாயின், ஒன்றின் இழப்பு பெரும்பான்மையைக் குலைக்கலாம். மூன்று இருப்பின் ஒன்று வீழ்ந்தாலும் கொத்து நிலைக்கும்.

சென்னையில் இரண்டு கணுக்களும் தருமபுரியில் ஒன்றும் வைத்து ஒரே கொத்தாக்குவதாகக் கொள்வோம். இணைப்பு அறுந்தால் பெரும்பான்மை சென்னையில் நிற்கும். தருமபுரிக் கணு கொத்தின் அமைப்பில் எதையும் மாற்ற இயலாது. தன்னிடம் உள்ள துண்டுகளின் அளவுக்கே, பழைய நிலையிலேயே விடை தரக்கூடும். களத்தில் புதிய கல்லைக் கண்டு பதிவோரின் கணுவே இவ்வாறு செயலிழக்கும். இரு இடங்களிலும் தனித்தனிக் கொத்துகளை நிறுவி, ஒன்றிலிருந்து மற்றொன்றைத் தேடும் தொலைக்கொத்து இணைப்பை அமைப்பது இதற்கு மாற்று. அதற்கெனத் தனிப் பங்கும் உண்டு. இணைப்பு அறுந்தாலும் களத்தோர் பதிவு நிற்காது. பாடத்தைத் திருத்தும் பொறுப்பும் கல்லைப் படித்தவரிடமே தங்கும்.

முடிவுரை

குறியேற்ற வேறுபாடுகளை உள்ளீட்டுக் கணுவிலும், எழுத்து வழக்கு வேறுபாடுகளைத் தரவுக் கணுவின் சொற்பகுப்பிலும் களையலாம். வாசிப்பு வேறுபாடுகளை எக்கணுவிலும் களைதல் ஆகாது, தனிப் புலங்களில் காத்தல் வேண்டும். தரவின் அளவுக்கு மிஞ்சிய பகுப்பு பயனற்றது. இவற்றுள் எதனையும் மென்பொருளின் இயல்புநிலை தானே முடிவு செய்து தராது. அமைப்புக் கோப்பு எழுதப்பெறும்போது கணிப்பொறியாளருக்கு அருகில் கல்வெட்டு அறிந்தவர் ஒருவரும் அமர்தல் வேண்டும். நூற்பதிப்பில் முன்னுரை வாயிலாகப் பதிப்பு நெறியை அறிவிப்பது போல, எம்மாற்றம் எக்கணுவில் நிகழ்கிறது என்பதைத் தேடல் தளங்களும் வெளிப்படையாக அறிவிக்குமாயின், தேடியது கிட்டாதபோது அது கல்லில் இல்லையா, அடைவில் இல்லையா என்பதை ஆய்வாளர் பிரித்தறிய இயலும்.