யார் முதன்மை விஞ்ஞானி?

ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியாகின்றது. உலக விஞ்ஞானிகளுள் முதல் 2 வீதத்தினரின் பெயர்கள் அதில் அடங்கியுள்ளன என்பர். பேராதனை முதலாய நமது பல்கலைக்கழகங்கள் தத்தம் ஆசிரியர்களின் பெயர்களை அதிலே கண்டு பெருமையோடு அறிவிக்கின்றன. பெருமை கொள்வதில் தவறில்லை. ஆனால், நக்கிள்ஸ் மலைச்சாரலிலே, மடுல்கெல்லைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாயின் மகன் ஒருவன் அவ்வறிவிப்பை வாசித்துவிட்டு, “தேயிலையை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் யாரென்று இதைக் கொண்டு அறியலாமா?” என வினவுவானாயின், அவனுடைய ஆசிரியர் என்ன விடை கூறுவார்?

முதலில் இப்பட்டியலின் அடிப்படையை நோக்குவோம். ஓர் ஆய்வாளர் எழுதிய கட்டுரையைப் பிற ஆய்வாளர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோளாகச் சுட்டினர் என்பதே இதன் அளவுகோல். அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட் 1964இல் அறிவியல் மேற்கோள் அகராதியை வெளியிட்டபோது, ஒரு கருத்து எங்கிருந்து எங்குச் சென்றது என்று தேடுவோருக்கு வழிகாட்டுவதே அதன் முதல் நோக்கமாயிருந்தது. தேடுவதற்கு உதவிய கருவி நாளடைவில் எடைபோடும் தராசாயிற்று. 2005இல் பௌதிகவியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் ஓர் எண்ணை வகுத்தார். ஒருவரது கட்டுரைகளுள் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை சுட்டப்பட்டிருந்தால் அவரது எண் 20. இன்று நாம் காணும் பட்டியலை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் அயோனிடிசும் அவருடைய குழுவினரும் 2019 முதல் வெளியிட்டு வருகின்றனர். எல்சவியர் என்னும் பதிப்பு நிறுவனத்தின் தரவுகளே அதற்கு மூலம்.

இம்முறையை முற்றாகப் பழிப்பது நேர்மையாகாது. எண்கள் வருமுன்னர் நம்மிடையே தரம் எவ்வாறு நிர்ணயிக்கப்பட்டது? குடும்பச் செல்வாக்கும், சாதியும், ஆங்கில உச்சரிப்பும், துறைத் தலைவரின் தயவும் பதவியைத் தீர்மானித்த கதைகளை நாம் அறிவோம். லயத்திலே பிறந்து பல்கலைக்கழகப் படியேறிய ஒருவருக்கு, “என் கட்டுரையை உலகம் எடுத்தாண்டுள்ளது” என்று காட்டவல்ல எண் ஒரு கேடயமாகவும் அமையலாம். இவ்வுண்மையை மறுப்போர் பழைய தயவாட்சிக்கே துணை போவர்.

எனினும், கேடயம் வேறு, தராசு வேறு. மேற்கோள் எண்ணிக்கை ஆய்வின் பெறுமதியை அளப்பதில்லை. கட்டுரை எழுதுவோரிடையே அது பெற்ற கவனத்தையே அளக்கிறது. கண்டிப்பதற்காகச் சுட்டினாலும் அது கணக்கில் ஒன்றே. அக்கவனத்தைத் தமக்குத் தாமே வழங்கிக் கொள்வோரும் உளர். 2019இல் வெளியான தரவுகளின்படி, சென்னையில் தனியார் நிறுவனமொன்றைச் சேர்ந்த கணினி விஞ்ஞானி ஒருவர் 2017 வரை பெற்ற மேற்கோள்களுள் 94 வீதம் அவரிடமிருந்தும் அவரது இணை ஆசிரியர்களிடமிருந்தும் வந்தவை. இந்தக் குறையைப் பட்டியலாரும் அறிவர். தற்சுட்டுகளை நீக்கிய கணக்கையும் அவர்கள் தருகின்றனர். ஆயின் தற்சுட்டுகளை நீக்கிவிட்டாலும் மூலக் குறை நீங்குவதில்லை.

அந்த மாணவனுடைய தேயிலைக்கே வருவோம். தேயிலை இலைகளைச் சேர்த்துப் பிணைத்துத் தின்னும் ஒருவகைப் புழு ஒருகாலத்தில் இலங்கைத் தோட்டங்களை வாட்டியது. 1935-36ஆம் ஆண்டுகளில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொணர்ந்து பரப்பினர். புழுவின் உடலிலே வளர்ந்து அதனைக் கொல்லும் குளவி அது. புழுவின் கொட்டம் அடங்கியது. பின்னர், 1950களில், தண்டைத் துளைக்கும் வண்டினை ஒழிக்க டீல்டிரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டபோது குளவியும் மடிந்தது; புழு மீண்டும் தலைதூக்கியது. இயற்கையின் சமநிலையைப் பற்றி எத்துணை பெரிய பாடம்! குளவி காத்த ஒவ்வொரு செடியும், தெளிக்காமல் தவிர்த்த ஒவ்வொரு குவளை நஞ்சும் அந்த ஆய்வுக்குக் கிடைத்த மேற்கோள்கள் அல்லவா? அவற்றைப் பதிவு செய்யும் அகராதி எங்கே?

மொழியின் நிலையும் இதுவே. மண்சரிவைப் பற்றியோ, தோட்டத்துத் தாய்மாரின் இரத்தச்சோகையைப் பற்றியோ ஒருவர் எளிய தமிழில் எழுதி, அதனை ஆயிரம் பேர் வாசித்துப் பயன்பெற்றாலும், இக்கணக்கில் அவருக்குப் பெரும்பாலும் பூச்சியமே கிட்டும். அதே செய்தியை ஆங்கிலச் சஞ்சிகையில் எழுதி, பத்துப் பேர் சுட்டினால் பத்து. ஆகவே இளம் ஆய்வாளன் எதை ஆராய்வான், எம்மொழியில் எழுதுவான் என்பதை மக்களின் தேவை தீர்மானிப்பதில்லை. தூரத்துச் சந்தையே தீர்மானிக்கிறது. கொழுந்தின் விலையை ஏலத்தில் யாரோ குறிக்க, பறித்தவள் கைகட்டி நிற்கும் நிலையை நாம் கண்டிக்கிறோம். அறிவின் விலையும் அவ்வாறே குறிக்கப்படுகையில் மட்டும் கைதட்டலாமா?

இக்குரல் நம்முடையது மாத்திரமன்று. 2012இல் சன் பிரான்சிஸ்கோவில் கூடிய விஞ்ஞானிகளும் பதிப்பாசிரியர்களும், சஞ்சிகையின் எண்ணைக் கொண்டு ஆய்வாளரை எடைபோடாதீர், ஆய்வையே படித்து மதிப்பிடுங்கள் என்று பிரகடனம் செய்தனர். படித்து மதிப்பிடுதல் உழைப்பை வேண்டுவது. ஒருவர் தனித்துச் செய்தால் பழைய பாரபட்சம் புகுந்துவிடும். ஆதலால் தீர்ப்பளிப்போர் தம் காரணங்களை எழுத்தில் வெளியிடல் வேண்டும். எண்ணை ஒரு சாட்சியாக அழைக்கலாம். நீதிபதியின் ஆசனத்தில் அமர்த்தலாகாது. பொதுமக்களின் பணத்தில் நடைபெறும் ஒவ்வோர் ஆய்வின் சுருக்கமும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சேறி, தோட்டத்துப் பாடசாலை வரை சென்றடைதல் வேண்டும்.

அந்நிலை வந்தால், மடுல்கெல்லை மாணவனிடம் அவனுடைய ஆசிரியர், “பட்டியலையும் பார், தம்பி. பிறகு அந்த ஆய்வை எடுத்து வாசித்து, உன் தாயிடம் கேள். இருவருமாக விடை சொல்லுங்கள்” என்று கூற முடியும்.