ஆபத்தானவன் என்கிற பதிவு

அமெரிக்காவில் ஒவ்வொரு பெரிய துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் பின்புலச் சோதனை பற்றிய பேச்சு எழுகிறது. ஆபத்தான ஆள் கைக்குத் துப்பாக்கி போகக்கூடாது என்பதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை. சரி, ஆபத்தான ஆள்னு எதை வைத்துச் சொல்றது? அந்த இடத்தில்தான் சொல்லாடல் வழுக்குகிறது.

உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குகிறவர் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்பியாக வேண்டும். அதை ஒரு பிரதியாக வாசித்துப் பார்த்தேன். தண்டனை பெற்றவனா, தேடப்படுகிறவனா, மனநலக் காப்பகத்துக்கு ஆணையின்பேரில் அனுப்பப்பட்டவனா என்று வரிசையாகக் கேட்கும் வாக்குமூலம் அது. இந்த வகைப்பாடுகளில் பலவும் 1968 சட்டத்தின் ஆக்கம். 1993இல் கையெழுத்தான பிரேடி சட்டம் வாக்குமூலத்தைப் பதிவேடுகளோடு ஒப்பிட வைத்தது. 1998 நவம்பரிலிருந்து எஃப்.பி.ஐ. கணினிவழியே அதைச் செய்கிறது. ஆனால் கணினி ஆளைப் பார்ப்பதில்லை. அவனைப் பற்றி ஏதோ ஓர் அலுவலகம் எழுதி அனுப்பியதைப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்ற மாணவனுக்கு 2005இலேயே நீதிமன்றம் மனநல சிகிச்சைக்கு ஆணையிட்டிருந்தது. அது மத்தியப் பதிவேட்டை எட்டவில்லை. 2017இல் டெக்சாஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் சுட்டவன் மனைவியையும் அவளுடைய குழந்தையையும் அடித்ததற்காக ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன். விமானப்படை அதை எஃப்.பி.ஐ.க்குத் தெரிவிக்கவேயில்லை. அதே ஆண்டு லாஸ் வேகாஸில் ஓட்டல் ஜன்னலிலிருந்து கூட்டத்தைச் சுட்டவன் மீது பழைய பதிவே கிடையாது. அவன் விஷயத்தில் சோதனை தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. தனக்கிட்ட வேலையை அது ஒழுங்காகவே செய்தது.

மிஷல் ஃபூக்கோ 1978இல் வெளியான ஒரு கட்டுரையில், 19ஆம் நூற்றாண்டின் சட்டமும் உளமருத்துவமும் சேர்ந்து செயலிலிருந்து ஆளுக்கு நகர்ந்து 'ஆபத்தான தனிநபரை' உண்டாக்கியதை ஆராய்கிறார். அமெரிக்காவில் அந்தத் தனிநபருக்கு நிறமும் உண்டு. 1865இல் மிசிசிப்பி, விடுதலையான கறுப்பர்கள் உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருக்கத் தடை போட்டது. வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு 1956இல் மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி அனுமதி கேட்டார், மறுத்துவிட்டார்கள். 1967இல் கருஞ்சிறுத்தைகள் ஆயுதத்தோடு ரோந்து போனதும் கலிபோர்னியா அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் ரீகன் கையெழுத்திட்டார். (அவர் அதிபரான பிறகு, 1981இல், அவரோடு சுடப்பட்ட பிரேடியின் பெயரில்தான் இன்றைய சட்டம்!)

இதையெல்லாம் அடுக்கிவிட்டு, "பார்த்தீங்களா, எல்லாம் அரசின் கண்காணிப்பு, தூக்கி எறி" என்று நம் தோழர்கள் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1994இலும் 1996இலும் தடைப்பட்டியலில் புதிதாக இருவர் சேர்ந்தார்கள்: துணையை மிரட்டியதற்காக நீதிமன்றப் பாதுகாப்பு ஆணைக்கு உள்ளானவன், குடும்ப வன்முறைக்காகத் தண்டனை பெற்றவன். அடிபட்ட பெண் போய்ச் சொல்லி, அதிலிருந்து எழுந்த பதிவு இது. மேலிருந்து மட்டும் எழுதப்பட்டதல்ல. 2024இல் ரஹிமி வழக்கில், பாதுகாப்பு ஆணை குறித்த இந்தத் தடையை உச்சநீதிமன்றம் 8க்கு 1 என்று உறுதி செய்தது. கண்காணிப்புக் கோட்பாட்டைக் காட்டி இந்த வரியையும் அடித்துவிடச் சொல்கிற ஆண் தோழர், யார் சார்பாகப் பேசறோம்னு ஒருமுறை யோசிக்கட்டும்.

அங்கேயும் அரசு தன் ஆளுக்கு ஓட்டை வைத்திருக்கிறது. அப்படியொரு ஆணைக்கு உள்ளான போலீஸ்காரர் பணித் துப்பாக்கியைப் பணிக்காக வைத்துக்கொள்ள மத்தியச் சட்டம் தடையாக இல்லை. உரிமமில்லாத தனியாள் விற்பனையில் சோதனையே கட்டாயமில்லை. சில மாநிலங்கள்தான் தம் சட்டத்தால் அதை அடைத்திருக்கின்றன. மத்திய அளவில் இதை ஓரளவாவது அடைக்கக் கொண்டுவந்த திருத்தம் 2013இல் செனட்டில் 54 வாக்கு பெற்றும் விழுந்தது, வேண்டியது 60.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. சோதனை நடப்பது வாங்குகிற நேரத்தில். அந்தப் பெண் ஆணை பெறும்போது துப்பாக்கி ஏற்கனவே வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதை வைத்திருப்பது அன்றிலிருந்து குற்றம்தான். ஆனால் யார் போய் வாங்கி வருவது என்று மத்தியச் சட்டம் சொல்லவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது, பல இடங்களில் அவனே ஒப்படைப்பான் என்று காத்திருக்கிறார்கள்.