பெர்னில்லே ஹார்டரும் அவருக்கு முந்தைய அரை நூற்றாண்டும்

2020 செப்டம்பரில் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் கழகத்திலிருந்து லண்டனின் செல்சீ கழகத்துக்குப் பெர்னில்லே ஹார்டர் மாறியபோது, பெண்கள் கால்பந்தில் அதுவரை எவருக்கும் தரப்படாத மாற்றுத்தொகை, அதாவது ஒப்பந்தம் முடியுமுன் ஒருவரை விடுவிக்க ஒரு கழகம் மற்றொன்றுக்குச் செலுத்தும் பணம், அவருக்காகக் கைமாறியதாகச் செய்திகள் வந்தன. டென்மார்க்கின் பெண்கள் கால்பந்து அந்த நாளில்தான் முழுமையான தொழிலாயிற்று என்ற கருத்து அதன்பின் விளையாட்டு எழுத்தில் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. கவர்ச்சியான கருத்துதான், ஆனால் இரண்டு வகையில் பிழையானது. மாற்றுத்தொகை கழகங்களுக்கிடையிலான கணக்கு, ஆடுபவரின் ஊதியமன்று என்பது ஒன்று. டென்மார்க் பெண்கள் காலால் பந்தை உதைத்துப் பிழைப்பு நடத்தத் தொடங்கி அப்போதே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியிருந்தது என்பது மற்றொன்று.

கோப்பன்ஹேகனின் பெமினா கழகம் 1970இல் டுரின் நகரில் இத்தாலியை வீழ்த்திக் கோப்பை வென்றதும், மறு ஆண்டு செப்டம்பர் 5 அன்று மெக்சிகோவின் அஸ்டெக்கா அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் டென்மார்க் அணி மெக்சிகோவை 3–0 என வென்றதும் பலரும் அறிந்தவை. ஃபிஃபா அங்கீகரிக்காத, மது நிறுவனமொன்றின் ஆதரவில் நடந்த அந்தப் போட்டிகளை ‘அதிகாரபூர்வமற்றவை’ என்று ஒதுக்குவது எளிது. ஆனால் இறுதியாட்டத்துக்கு முன் மெக்சிகோ வீராங்கனைகள் தங்களுக்கும் பணம் வேண்டுமென்று கேட்டார்கள் என்பதே, ஆட்டம் உழைப்பு என்ற உணர்வு அப்போதே பிறந்திருந்ததற்குப் போதிய சான்று. அந்த மூன்று கோல்களையும் அடித்தவர் 15 வயதான சூசன்னே ஆகுஸ்டெசன். பெண்கள் கால்பந்தை டென்மார்க்கின் கால்பந்துச் சங்கம் 1972இல்தான் தன் குடைக்கீழ் ஏற்றது. ஆண்களுக்கே சம்பளக் கால்பந்து 1978வரை அனுமதிக்கப்படாத நாட்டில் அந்த இளம்பெண்ணின் திறமைக்கு விலை கொடுப்பார் எவருமில்லை. ஆகவே அவர் இத்தாலிக்குச் சென்றார். அங்கே பல ஆண்டுகள் ஆடி, முதல்நிலை லீக்கில் அதிக கோல் அடித்தவர் என்ற இடத்தை எட்டு முறை பிடித்தார். இத்தாலியப் பெண்கள் லீக் சட்டப்படி ‘தொழில்முறை’ என்ற தகுதியைப் பெற்றதோ 2022இல்தான். ஏட்டிலுள்ள தகுதியை அளவுகோலாகக் கொள்ளும் வரலாறு ஆகுஸ்டெசனின் வாழ்க்கை முழுவதையும் பொழுதுபோக்காகச் சுருக்கிவிடும். அத்தகைய அளவுகோலே மாற்றப்பட வேண்டியது.

அடுத்த முப்பது ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். 1984இன் முதல் ஐரோப்பியப் போட்டியில் அரையிறுதி, 1991, 1995 உலகக் கோப்பைகளில் காலிறுதி, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பங்கேற்பு, 2003இல் ஃபோர்ச்சூனா ஹ்யோரிங் கழகம் ஐரோப்பியக் கழகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் ஸ்வீடனின் ஊமியோவிடம் கண்ட தோல்வி என்று சாதனைகள் உண்டு. ஆனால் அவற்றை நிகழ்த்தியவர்களில் பெரும்பாலோர் வேலைக்கோ கல்லூரிக்கோ போய்வந்த பின் மாலையில் பயிற்சி செய்தவர்கள். ஆடியே வாழ விரும்பியோருக்குக் கடல் தாண்டிய ஸ்வீடன் லீக் 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் முதல் வாசலாயிற்று. யோஹன்னா ராஸ்முசன், லீனே ரோடிக் ஆகியோர் அவ்வழியே போனவர்கள்.

1992இல் ஈகாஸ்ட் நகரில் பிறந்த ஹார்டரும் அதே வாசலில் நுழைந்தவர்தான். 2009இல் ஜார்ஜியாவுக்கெதிரான தம் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே மூன்று கோல் அடித்த அவர், வீபோர், ஸ்கோவ்பாக்கன் கழகங்களில் ஆடிவிட்டு 2012இல் லின்ஷோப்பிங் சென்றார். 2016இல் 23 கோல்களுடன் ஸ்வீடன் லீக்கின் முதன்மைக் கோலாளராகி அக்கழகத்துக்குப் பட்டமும் பெற்றுத் தந்தார். வொல்ஃப்ஸ்பர்க், செல்சீ, 2023 முதல் பயர்ன் மியூனிக் எனச் சென்ற மூன்று இடங்களிலும் லீக் பட்டங்கள் அவருக்குக் கிடைத்தன. ஐரோப்பாவின் சிறந்த வீராங்கனை விருது 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் வந்தது. ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் மட்டும் கைகூடவில்லை: 2018இல் கீவ் நகரில் கூடுதல் நேரத்தின் தொடக்கத்தில் அவர் அடித்த அருமையான கோலுக்குப் பின்னும் லியோன் நான்கு கோல் அடித்தது, 2020இல் மீண்டும் லியோனிடமும் 2021இல் பார்சிலோனாவிடமும் இறுதியாட்டங்களில் தோல்வி நேர்ந்தது. முன்கள வீராங்கனையாகவும், முன்களத்துக்கும் நடுக்களத்துக்கும் இடைப்பட்ட வெளியில் உலவி ஆட்டத்தை இயக்குபவராகவும் ஒருங்கே செயல்படக்கூடிய இத்தகையவர் அவர் தலைமுறையில் மிகச் சிலரே.

ஆனாலும் அவர் வாழ்வின் மிகப் பெரிய செயல் கோல்களில் இல்லை. 2017இன் இலையுதிர்காலத்தில் இருக்கிறது. அந்த ஆண்டு கோடையில் நெதர்லாந்தில் நடந்த ஐரோப்பியப் போட்டியில், தொடர்ந்து ஆறு முறை வென்றிருந்த ஜெர்மனியை மழையால் மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்ட காலிறுதியில் டென்மார்க் 2–1 என வீழ்த்தியது. இறுதியாட்டத்தில் நாதியா நதீமும் தலைவி ஹார்டரும் கோல் அடித்தும் நெதர்லாந்து 4–2 என வென்றது. ஊர் கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில்தான் கால்பந்துச் சங்கத்துடன் வீராங்கனைகள் நடத்திவந்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தை முறிந்தது. நாட்டுக்காக ஆடும் நாள்களில் வீராங்கனைகள் சங்கத்தின் பணியாளர்களா அல்லவா என்பதும், உள்நாட்டு லீக்கில் அற்பச் சம்பளத்துடன் ஆடுவோருக்கு நியாயமான ஈட்டுத்தொகை உண்டா என்பதும் வழக்கின் மையம். செப்டம்பரில் நெதர்லாந்துடனான நட்பாட்டம் கைவிடப்பட்டது. அக்டோபர் 20 அன்று ஸ்வீடனுடன் நடக்கவேண்டிய உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டமும் நடைபெறவில்லை. ஐரோப்பியக் கால்பந்தை நிர்வகிக்கும் யூஈஎஃப்ஏ அமைப்பு ஸ்வீடனுக்கு 3–0 வெற்றியை வழங்கி, டென்மார்க் சங்கத்துக்கு 20,000 யூரோ அபராதமும் விதித்தது. அண்டை நாடான நார்வேயின் சங்கம் ஆண், பெண் அணிகளுக்குச் சம ஊதியம் தர ஒப்புக்கொண்டதும் அதே மாதத்தில்தான்.

நவம்பரில் நான்காண்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆனால் வீராங்கனைகள் கொடுத்த விலை சிறியதன்று. 2018இல் வீபோரில் நடந்த கடைசித் தகுதிச்சுற்று ஆட்டத்தில் ஸ்வீடனிடம் தோற்று, தொடர்ந்து நெதர்லாந்திடமும் தோற்று, 2019 உலகக் கோப்பையை அவர்கள் இழந்தார்கள்; ஆடாத அந்த ஆட்டத்தின் புள்ளிகள் கைவசம் இருந்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கலாம். ஐரோப்பாவின் வளமான கழகமொன்றில் நல்ல ஊதியம் பெற்றுவந்த ஹார்டர், தமக்குத் தேவையில்லாத ஓர் உரிமைக்காகத் தம் உச்சக் காலத்து உலகக் கோப்பையொன்றைப் பணயம் வைத்த அந்தத் துணிவையே வரலாறு முதலில் எழுதவேண்டும். செல்சீயின் காசோலை அதற்குப் பின் வரலாம்.

ஆஃப்கானிஸ்தானிலிருந்து அகதியாக வந்து, போர்ட்லாண்ட், மான்செஸ்டர், பாரிஸ் என்று ஆடியபடியே மருத்துவம் பயின்று 2022இல் மருத்துவரான நதீமின் கதை வழக்கமாக அசாதாரண மனவுறுதியின் கதையாகச் சொல்லப்படுகிறது. மனவுறுதி உண்மை. ஆனால் உலகின் முன்னணிக் கழகங்களில் ஆடும் ஒருவர்கூடப் பந்தை மட்டும் நம்பியிருக்க முடியாத பொருளியலும் அதே அளவுக்கு உண்மை என்பதை அப்புகழ்மொழிகள் மறைத்துவிடுகின்றன.

இன்றும் டென்மார்க்கின் முதல்நிலை லீக் திறமையை வளர்த்து அனுப்பும் இடமாகவே இருக்கிறது. புரோண்பி, ஃபோர்ச்சூனா என்ற இருவர் ஆதிக்கத்தை உடைத்து 2021 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்ற கோகே கழகத்தின் எழுச்சி நம்பிக்கை தருவதே. எனினும் நோர்த்ஷெலாண்ட் வளர்த்த காத்ரீனே கூல் 19 வயதிலேயே 2023 ஜனவரியில் ஆர்சனலுக்குப் போனதும், அமாலி வாங்ஸ்கார்ட் ஸ்வீடன் வழியாகப் பாரிஸுக்கும் பின்னர் யுவென்டஸுக்கும் போனதும் லீக்கின் நிலையைக் காட்டுகின்றன. 2025இல் சுவிட்சர்லாந்தில் ஹார்டர் தலைமையிலேயே மூன்று ஆட்டங்களிலும் தோற்று வெளியேறிய அணியின் குறையை முன்களத்தில் தேடுவதில் பயனில்லை. வெளிநாடு போகாதவர்களும் முழுநேரம் பயிற்சி செய்யும்படி உள்நாட்டுக் கழகங்களின் சம்பளத்துக்குச் சங்கம் அடித்தளத் தொகை நிர்ணயிப்பதும், அதற்கான செலவில் பங்கேற்பதும் இனித் தள்ளிப்போட முடியாத வேலைகள்.