வெட்சிப் பூவும் விலங்கும்

கொள்ளையர் கதைக்கு எந்நாளும் கூட்டம் உண்டு. காடு தெரிந்தால் போதும். துப்பாக்கி முழங்கினால் போதும். முறுக்கிய மீசை ஒன்று திரையிலே தோன்றினால் போதும், கொட்டகை நிரம்பும். இன்றோ கொட்டகையே வீட்டுக்குள் வந்துவிட்டது, கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. கொட்டகையின் இடம் மாறியது. கதையின் குணம் மாறியதா?

இத்தகைய படம் வெளிவரும்போதெல்லாம் ஒரே புகழுரை ஒலிக்கிறது: உள்ளதை உள்ளபடி எடுத்திருக்கிறார்கள்! நன்று. ஆனால் உள்ளது எது? உள்ளபடி என்றால் எவர் கண்டபடி? துரத்தியவன் கண்டபடியா, துரத்தப்பட்டவன் கண்டபடியா? இந்தக் கேள்வியைக் கேட்கத் தக்க இடம் தருமபுரி மாவட்டம். வீரப்பன் கதை 2004 அக்டோபர் 18 அன்று முடிந்தது அங்கே, பாப்பாரப்பட்டிக்கு அருகே. வாச்சாத்தி என்னும் சிற்றூர் இருப்பதும் அங்கேதான்.

தகடூர் என்று பழந்தமிழர் அழைத்த அந்தப் பகுதியிலே நடுகற்கள் நிறைய உண்டு. ஆநிரை கவரும் போரிலே வீழ்ந்தவர்களின் நினைவைத் தாங்கி நிற்பவை பல. கவர்ந்தவனுக்கு வெட்சிப் பூ, மீட்டவனுக்குக் கரந்தைப் பூ என்று இலக்கணம் வகுத்தனர் நம் முன்னோர். இருவரும் மனிதர், இருவருக்கும் ஊர் உண்டு, உறவு உண்டு என்பது அந்த இலக்கணத்தின் உட்பொருள். அக்காலம் பொற்காலம் என்று பாட வரவில்லை. மாட்டைப் பறிகொடுத்தவன் கண்ணீர் அன்றும் உப்புத்தான். ஆயினும் அன்றைய புலவன், ஒரு பக்கத்துக்கு மட்டும் பூச்சூட்டி மறுபக்கத்துக்கு முகமே இல்லை என்று சொல்லவில்லை.

வெள்ளையர் ஆட்சி வந்தது. பூ போயிற்று, பதிவேடு வந்தது. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்தது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. செய்த குற்றத்துக்குத் தண்டனை என்பது நீதி. பிறந்ததே குற்றம் என்பது? சாதியை வைத்துப் பெயர் பதிந்தனர், கைரேகை எடுத்தனர், இரவிலே காவல் நிலையம் வந்து படுக்கச் சொன்னனர். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியிலே சேர்க்கவும் அதிகாரம் பெற்றனர். தொட்டிலிலே கிடக்கும் குழந்தைக்கும் குற்றப் பட்டம்! 1952 ஆகஸ்டு 31 அன்று நாடு முழுவதும் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஏட்டிலிருந்து நீங்கியது, எண்ணத்திலிருந்து நீங்கியதா? திரையைப் பார்த்தால் விடை தெரியும்.

1991இல் வந்த 'கேப்டன் பிரபாகரன்' வனத்துறை அதிகாரியை நாயகனாக்கியது. காட்டுக் கொள்ளையனைக் கொடியவனாக்கியது. 2013இல் வந்த 'வனயுத்தம்' வேட்டையின் நாட்குறிப்பு. 2017இல் வந்த 'தீரன் அதிகாரம் ஒன்று' திறமாக எடுக்கப்பட்ட படம். கொலையுண்டோர் வீட்டுத் துயரை நெஞ்சில் தைக்கும்படி காட்டியது. ஆனால் கொள்ளைக் கூட்டத்தின் கொடுமைக்கு விளக்கமாக ஒரு சமூகத்தின் முன்கதையையே எடுத்து வைத்தது. கூட்டத்தின் குற்றம் குலத்தின் குணமாகிவிடும் ஆபத்து அங்கேதான் நுழைகிறது. 2021இல் வந்த 'ஜெய்பீம்' அந்தப் பழைய பட்டத்தைத் துணிந்து எதிர்த்தது. சிறை வாசலிலே சாதி கேட்டு ஆளைப் பிரிக்கும் அதன் தொடக்கக் காட்சியை எளிதில் மறக்க முடியாது. எனினும் மெய் வழக்கிலே துன்புற்றோர் குறவர், படத்திலே இருளர். வலி ஒன்றுதான் என்று வாதிடலாம். பெயர் ஒன்றல்லவே! பட்டம் சுமந்தவனிடமிருந்து பட்டத்தை நீக்கும்போது, அவன் பெயரையும் சேர்த்து நீக்கலாமா?

எதிர்த்திசையிலும் ஒரு பொய் உண்டு. கொள்ளையனைக் குலதெய்வமாக்கும் பொய் அது. 1991 நவம்பரில் வீரப்பனால் கொல்லப்பட்ட வன அதிகாரி சீனிவாஸ், வீரப்பனின் ஊராகிய கோபிநத்தத்து மக்களுக்கு வீடும் கோயிலும் எழுப்ப உதவியவர். அவ்வூரார் அவரை இன்றும் போற்றுகின்றனர். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றுக் கண்ணிவெடியிலே 22 உயிர்கள் போயின. இவற்றை மறைத்து மீசையை மட்டும் காட்டுவோன் கலைஞனல்லன், விளம்பரக்காரன். அந்த ஊர் இருவரையும் நினைவிலே வைத்திருக்கிறது. ஊருக்கு உள்ள நேர்மை கூடவா படத்துக்கு இருக்கக் கூடாது?

இனி வாச்சாத்திக்கு வருவோம். அரூர் வட்டத்திலே, சித்தேரி மலையடியிலே மலைவாழ் மக்கள் வாழும் ஊர். 1992 ஜூன் 20 அன்று, பதுக்கிய சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்தனர். ஆலமரத்தடியிலே ஊரைத் திரட்டி அடித்தனர். பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அவர்களுள் பள்ளிச் சிறுமியும் உண்டு. வீடுகள் நொறுங்கின, கிணறு பாழாயிற்று, பெண்களும் குழந்தைகளும் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அன்று அரசின் வாயிலே அது கடத்தல்காரர் ஊர்.

ஆண்டுகள் 19 உருண்டன. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரிலே 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள். அவர்களுள் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றமும் உறுதியாயிற்று. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளி, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. குற்றவாளி ஊர் என்று பெயர் சூட்டியவர்களே குற்றவாளிகள் என ஏட்டில் ஏறினர்!

எந்தக் கதாசிரியனும் எண்ணிப் பார்க்காத திருப்பம் இது. அன்று 5 வயதிலே தாயின் விரலைப் பற்றிக்கொண்டு சிறை புகுந்த குழந்தைக்கு, முதல் தீர்ப்பின்போது வயது 24. உயர்நீதிமன்றத் தீர்ப்பின்போது 36. இடைப்பட்ட ஆண்டுகளிலே அக்குழந்தை எங்கே படித்தது? ஊர்ப் பெயரைச் சொன்னதும் யார் முகம் சுளித்தார்? எவர் வேலை தந்தார், எவர் பெண் கொடுத்தார்? சட்டத்துக்குப் புறம்பானவர் என்று முத்திரை குத்தப்பட்ட ஊரிலே வளர்வது எப்படி என்னும் கதை இதுவே. துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. அதனாலேயே எடுப்பாரும் இல்லையோ?

எடுக்க முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' 2004இல் வந்த நாவல். வீரப்பன் வேட்டையின் பேரால் சோளகர் பட்ட சித்திரவதையைச் சொல்வது. முதற்பகுதி முழுவதும் தொட்டியின் வாழ்வு: வேட்டை, விழா, விதைப்பு, குழந்தைகள். அந்த வாழ்விலே நம்மைக் குடியேற்றிய பிறகே முகாமின் கதவைத் திறக்கிறார். ஆகவே அங்கே அடிபடுவோர் நமக்கு அயலார் அல்லர். பிரேசில் நாட்டிலே 2002இல் வந்த 'கடவுளின் நகரம்' படமும் அப்படியே. மூலநாவலை எழுதிய பாவுலோ லின்ஸ் அந்தக் குடியிருப்பிலே வளர்ந்தவர். நடித்த சிறுவர் பலர் அத்தகைய சேரிகளிலிருந்தே வந்தவர். 2023இல் வந்த 'விடுதலை' வாச்சாத்தியின் வேதனையை நினைவூட்டியது. ஆயினும் அங்கும் நாம் மலை ஏறுவது ஒரு காவலரின் கண்ணோடுதான். அதே ஆண்டில் வந்த 'கூச முனிசாமி வீரப்பன்' ஆவணத் தொடர், வேட்டையிலே சிதைந்த மக்களைத் தம் வாயாலேயே பேசவைத்தது. அந்த அளவுக்கு அது முன்னேற்றம்.

ஆகவே உண்மைத் தன்மை என்பது வட்டார வழக்கைப் பேசப் பழகுவதன்று. நடிகர் முகத்திலே கரி பூசுவதன்று. மெய்யான காட்டிலே படம்பிடிப்பதுமன்று. மூன்று கேள்விகளுக்கு விடை தருவதே உண்மைத் தன்மை. இந்த மக்களுக்குக் குற்றவாளி என்று பெயரிட்டவர் எவர்? வெட்டிய மரத்தால் கொழுத்தவர் எவர்? அந்தப் பெயரோடு வளர்ந்த குழந்தை தன் கதையைத் தானே சொல்ல இடமுண்டா?

அடுத்த படம் வரும். அடுத்த தொடரும் வரும். 'உள்ளது உள்ளபடி' என்று சுவரொட்டி கூவும். காண்போர் காணட்டும், இந்த மூன்று கேள்விகளையும் கையிலே ஏந்திக் காணட்டும். கவர்ந்தவனுக்கும் மீட்டவனுக்கும் பெயர் தந்த தமிழ், கவராமலே கள்வர் எனப்பட்டோருக்கு ஒரு கதையேனும் தர வேண்டாமா?