இலைக்கணக்கு கணினிக்கு டிஃபெண்டர் போதுமா?

குன்னூர் பக்கம் பச்சைத் தேயிலை வாங்கும் சின்ன பாக்டரி ஒன்றின் ஆபீஸ் கணினியில், விண்டோஸோடு இலவசமாகவே வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரைச் சோதித்துப் பார்த்தேன். எந்த விவசாயி எவ்வளவு இலை போட்டார், முன்பணம் எவ்வளவு, பட்டுவாடா எவ்வளவு என்று எல்லாமே அந்த ஒரே பெட்டிக்குள். காசு கொடுத்து வேறு ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்பதே என் முடிவு. ஆனால் டிஃபெண்டரை வந்தபடியே விட்டுவைக்கக் கூடாது.

ஆன்டிவைரஸைச் சோதிப்பதற்கென்றே ஐகார் என்ற 68 எழுத்துக் கோப்பு உண்டு, தீங்கில்லாதது. அதை நோட்பேடில் ஒட்டிச் சேமித்ததுமே பிடித்துவிட்டது. அடுத்தது, பஜார் ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவ். உள்ளே இருந்த கோப்புகள் மறைந்து, அதே பெயர்களில் ஷார்ட்கட்டுகள் நின்றன. அவற்றில் ஒன்றை க்ளிக் செய்தால் வார்ம் (தானே பரவும் வைரஸ் ரகம்) கணினிக்குள் இறங்கிவிடும். வலது க்ளிக் செய்து ஸ்கேன் கொடுத்ததும் டிஃபெண்டர் அதை நீக்கியது. மறைந்த கோப்புகளை மட்டும் நாமேதான் மீட்க வேண்டியிருந்தது.

நான் அதிக நேரம் செலவிட்டது ரான்சம்வேரில். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரகம் இது. இதைத் தடுக்கும் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்ஸஸ்’ என்ற வசதி டிஃபெண்டரிலேயே இருக்கிறது. ஆனால் அணைந்த நிலையில்தான் வருகிறது. போட்டுவிட்டால், நம்பிக்கையான மென்பொருள் தவிர வேறெதுவும் டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களில் கைவைக்க முடியாது. கணக்குக் கோப்புகள் வேறிடத்தில் இருந்தால் அந்த ஃபோல்டரை நாமே பட்டியலில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்ததும், யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்த இலை எடை புரோகிராம் ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று முரண்டு பிடித்தது. ஃபைல் அங்கேயேதான் இருந்தது. எழுத விடாமல் தடுத்தது டிஃபெண்டர். அந்த புரோகிராமை அனுமதிப் பட்டியலில் சேர்த்தபின் சரியாயிற்று. இந்தச் சின்னத் தொல்லைக்குச் சலித்துப்போய் பலர் வசதியையே அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அணைக்காதீர்கள்.

டிஃபெண்டரின் பாதி பலம் இணையத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து லைன் போனால், புதிதாக வந்த வைரஸை அடையாளம் காண்பதில் அது பின்தங்கும். வைரஸ்களின் அடையாளங்களைக் கொண்ட டெஃபினிஷன் கோப்பு மைக்ரோசாஃப்ட் தளத்தில் தனியாகக் கிடைக்கிறது. நெட் உள்ள இடத்தில் இறக்கி, சுத்தமான பென்டிரைவில் கொண்டுவந்து ஓட்டலாம்.

டிஃபெண்டரால் காப்பாற்ற முடியாத இடமும் உண்டு. கிராக் செய்த மென்பொருளோடு ‘ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்’ என்று ஒரு குறிப்பு வரும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் ட்ரோஜன்கள் பெரும்பாலும் நுழைவது அந்த வாசலில்தான்.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவதும் அதே அளவு ஆபத்து. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, கூடலூரைத் தாண்டியதும் வரும் வயநாட்டில் தரியோடு பஞ்சாயத்து ஆபீஸ் கணினிகளும் பூட்டப்பட்டன. கேட்ட பணம் 300 டாலர், பிட்காயினில். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இந்த பாக்டரியில் ஓடுவது விண்டோஸ் 10. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் வரை தாங்கும். அதற்குள் புதுக் கணினிக்கு மாறியாக வேண்டும்.

பட்டுவாடா முடிந்த மாலையே எக்ஸ்டர்னல் டிஸ்கில் ஒரு நகல் எடுத்து, வயரைக் கழற்றி பீரோவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். செருகியபடியே விட்டால் ரான்சம்வேர் அந்த நகலையும் சேர்த்துப் பூட்டிவிடும்.